மிஸ் இன்ஷிராஹ் கொடுத்த பட்டம்

உஸ்தா மெத்வல்லி ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அந்த ஆறாம் வகுப்பிலும் இரண்டு வருஷம் உட்கார்ந்தவர். தமன்ஹூரிலிருந்து அலெக்ஸாந்திரியாவுக்குப் போகிற பழைய ரோட்டில் இருபத்தாறு வருஷமாக மைக்ரோபஸ் ஓட்டுகிறார். வண்டி ஓட்டுகிறவனை அந்த ஊரில் உஸ்தா என்பார்கள். அது போதும் அவருக்கு, அதற்கு மேல் அவர் ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் ஒன்பது வருஷமாக வண்டி நிலையத்தில் ஒருத்தன்கூட அவரை உஸ்தா என்று கூப்பிடுவதில்லை. டாக்டர் என்கிறார்கள்.

"டாக்டர், வண்டி நிரம்பிருச்சு, கிளப்புங்க."

"டாக்டருக்கு ஒரு டீ. சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு சீட்டு எழுதித் தருவார், வாங்கிக்க."

கேலி செய்கிறவன் பத்து நாள் செய்வான், பிறகு சலித்துவிடும் என்று மெத்வல்லி காத்திருந்தார். சலிக்கவில்லை. கேலி தேய்ந்து பெயராகவே ஆகிவிட்டது. புதிதாக வந்த ஓட்டுநர்களுக்கு அவருடைய உண்மைப் பெயரே தெரியாது. ஒருமுறை சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் மெய்யாகவே நம்பி, கால் சட்டையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்காட்டி, "ரெண்டு மாசமா இந்த இடத்துல வலி" என்று ஆரம்பித்தார். பின் சீட்டில் இருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். மெத்வல்லி சிரிக்கவில்லை.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் மிஸ் இன்ஷிராஹ். அலெக்ஸாந்திரியாவில் ஓர் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டில் நர்ஸ். முப்பது பேர் பார்க்க, நடைபாதையின் நடுவில் நின்று கொடுத்தார்.

மெத்வல்லிக்கு ஒரே பெண். பெயர் நவ்வாரா. பதினொரு வயதில் அவளுடைய இடது முழங்கால் வீங்கியது. விழுந்த அடி என்றார்கள், எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க வீக்கம் ஏறியது. கடைசியில் அலெக்ஸாந்திரியாவில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் புற்று என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. புற்று இருந்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் மூட்டு வைத்தார்கள். கால் தப்பித்தது. அதற்கப்புறம்தான் பெரிய டாக்டர் மெத்வல்லியையும் அவர் மனைவி ரதீபாவையும் கூப்பிட்டு, இந்த நோய் காலோடு நிற்காது, கண்ணுக்குத் தெரியாத துகளாக நுரையீரலுக்குப் போய் ஒளிந்திருக்கலாம் என்றார். அதைத் தேட ஒரு மருந்து வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறது, ஒரு ஆராய்ச்சிக்காக ஐந்து பிள்ளைகளுக்கு மட்டும், நவ்வாரா ஐந்தாவது. ஆறாவதாக ஒரு பிள்ளை காத்திருக்கிறது. சொன்னபடி நடக்காத வீட்டுப் பிள்ளையின் இடம் ஆறாவது பிள்ளைக்குப் போகலாம் என்று ஒரு தாளில் எழுதி இருந்தது. ரதீபா அதை இரண்டு தடவை படித்தாள். மெத்வல்லி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அந்த மருந்தைக் கலக்குவது மிஸ் இன்ஷிராஹ்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். குப்பிக்குள் வெள்ளைக் கட்டியாகப் படிந்திருக்கும். உப்பு நீரை உள்ளே விட்டு ஒரு நிமிஷம் அப்படியே வைக்க வேண்டும், தொடக்கூடாது. அடுத்த ஒரு நிமிஷம் கை வலிக்கக் குலுக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் குலுக்குவார். பிள்ளைகள் படுக்கையில் உட்கார்ந்து அறுபது வரை கத்தி எண்ணுவார்கள். யாராவது ஐம்பதில் குறுக்குவழி எடுத்து அறுபதுக்குத் தாவினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவைப்பார். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றினபிறகு பிள்ளைகளுக்கு நடுக்கம் வரும். கட்டில் கம்பி கிடுகிடுக்கும். பிள்ளைகள் அதற்கு நடுக்க மருந்து என்றே பெயர் வைத்திருந்தார்கள். யாருக்கு எத்தனை நிமிஷம் நடுங்கும் என்று மிஸ் பூசணி விதை வைத்துப் பந்தயம் கட்டுவார். தோற்றால் கொடுத்துவிடுவார், ஏமாற்ற மாட்டார்.

முதல் நாள் மெத்வல்லி கேட்டார். "மிஸ், இது என்ன மருந்து? பிள்ளைய இந்த ஆட்டு ஆட்டுது?"

"உடம்புக்குள்ள காவக்காரங்க இருக்காங்கய்யா. கிருமி வந்தா எழுந்து தின்னுடுவாங்க. ஆனா இந்த நோய் இருக்கே, இது வெளியாள் இல்ல. நம்ம வீட்டு ஆள் மாதிரியே சட்டையைப் போட்டுக்கிட்டுப் போய் நுரையீரல்ல ஒரு மூலையில குந்திக்கும். காவக்காரன் பார்ப்பான், நம்ம பையன்தானேன்னு திரும்பிப் படுத்துக்குவான்."

"அப்ப இந்த மருந்து?"

"கிருமியோட தோல்ல ஒரு துணுக்கு மாதிரி செஞ்சது. கிருமி கிடையாது, அதோட வாடை மட்டும். இது போய்க் கதவை இடிக்கும். காவக்காரன் கோவத்தோட எழுந்திருப்பான். எழுந்தவன் சும்மா இருப்பானா, எல்லா மூலையையும் துழாவுவான். அந்தக் கோவம்தான் நடுக்கம். அதுக்கு அப்புறம் காய்ச்சல்."

"அப்ப காய்ச்சல் வந்தா நல்லது."

"நல்லதுன்னு நான் சொல்லல. வரும்னு சொன்னேன். வந்தா பாராசிட்டமால் மட்டும் குடுத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணு. வேற ஒரு மண்ணும் குடுக்காத."

"குணமாயிடுமா மிஸ்?"

"தெரியாது. சில பிள்ளைங்களுக்கு உதவியிருக்கு. எந்தப் பிள்ளைக்குன்னு முன்கூட்டித் தெரியறதில்ல."

மற்ற நர்சுகள் என்றால் ஆண்டவன் நாடினால் நல்லதே நடக்கும் என்பார்கள். இந்த அம்மாவுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. கல்லு என்று தாய்மார்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வதை மெத்வல்லியும் ஒத்துக்கொண்டார்.

நான்காவது தடவை மருந்து ஏற்றிய நாள் பிற்பகல். நவ்வாராவைத் தன் வண்டியிலேயே தமன்ஹூருக்குக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார். நடுக்கம் நின்று காய்ச்சல் ஏறியது. முப்பத்தொன்பது டிகிரியைத் தாண்டிவிட்டது. பாராசிட்டமால் கொடுத்து ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. ரதீபா வார்டுக்கு ஃபோன் போட்டாள். எங்கேஜ்டு சத்தம். மறுபடி போட்டாள். அதே சத்தம். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. அப்பா, கண்ணுக்குள்ள சுடுது என்றாள்.

மெத்வல்லி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார்.

அந்தப் பக்கத்தில் சளி ஊசி தெரியாத ஓட்டுநர் கிடையாது. மருந்துக்கடையில் மூன்று குப்பியை உடைத்து ஒரே ஊசியில் இழுப்பார்கள். ஒன்று கிருமிக்கு, ஒன்று வலிக்கு, ஒன்று கார்ட்டிசோன். போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்தில் எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம். மெத்வல்லி ஒவ்வொரு குளிர்காலமும் இரண்டு தடவையாவது போட்டுக்கொள்வார். சீட்டு வேண்டாம், டாக்டர் வேண்டாம். கடையில் ஊசி போடுகிற ஹம்தி நாற்பது வயது ஆள், கை லேசு.

"சின்னப் பிள்ளைதானே உஸ்தா, பாதி அளவு போடுறேன்," என்று ஹம்தி வீட்டுக்கே வந்தான்.

ரதீபா குறுக்கே நின்றாள். "மிஸ் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"மிஸ் ஃபோனை எடுத்தாங்களா?"

ரதீபா வழியை விட்டு விலகினாள்.

ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. நவ்வாரா எழுந்து உட்கார்ந்து சீஸ் வைத்த ஃபதீர் ரொட்டி வேண்டும் என்றாள். வாங்கிக்கொண்டு வந்து அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம்தான், அந்த வருஷத்திலேயே மெத்வல்லி நிம்மதியாக இருந்த சாயங்காலம்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மிஸ் இன்ஷிராஹ் வழக்கம்போல நோட்டை விரித்து ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். காய்ச்சல் எத்தனை மணிக்கு, எவ்வளவு, எத்தனை நேரம். நவ்வாரா சந்தோஷமாகச் சொன்னாள். "எனக்கு உடனே போயிடுச்சு மிஸ். அப்பா ஹம்தியைக் கூட்டிட்டு வந்தார்."

மிஸ் பேனாவை மூடினார். நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். திரும்பி வந்து, தகப்பன்மார் உட்காருகிற நடைபாதை பெஞ்சுக்கு வந்தார். மெத்வல்லி அங்கே மற்றவர்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எழுந்திருங்க," என்றார் மிஸ். "மரியாதை குடுங்க. டாக்டர் மெத்வல்லி வந்திருக்கார்."

பெஞ்சில் இருந்தவர்களுக்குப் புரியவில்லை. ஒருவர் மெய்யாகவே எழுந்து நின்றார்.

"முப்பது வருஷமா இந்த வார்டுல நாங்க மண்டையை உடைச்சுக்கிறோம். கடல் தாண்டி மருந்து வருது. பெரிய டாக்டர் ராப்பகலாப் படிக்கிறார். இவர் ஒரே ஊசியில முடிச்சுட்டார். நாங்க காவக்காரனை எழுப்பி விடுறோம், இவர் பின்னாலேயே போய்த் தாலாட்டுப் பாடித் தூங்க வைக்கிறார். எந்தக் கல்லூரி டாக்டர் நீங்க? வண்டிப்பேட்டைக் கல்லூரியா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கஷ்டத்தில் இருக்கிற மனிதர்கள் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தால் விடமாட்டார்கள். நவ்வாராவுக்கு ரத்தம் கொடுக்க வந்திருந்த சக ஓட்டுநர் ஃபர்காலி, சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவன்தான் தமன்ஹூருக்குக் கொண்டுவந்தான்.

சிரிப்பு அடங்குமுன் மிஸ் குரலை இறக்கி மெத்வல்லியிடம் சொன்னார். "இப்ப ஊருக்குப் போ. அவன் என்னென்ன கலந்தான்னு எனக்கு வேணும். வாயால சொன்னா வாங்க மாட்டேன். குப்பியைக் கொண்டு வா."

போனார். ஹம்தி, "அது வெறும் விட்டமின் உஸ்தா," என்றான். மெத்வல்லி அவனைத் தள்ளிவிட்டுக் கடையின் பின்பக்கக் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார். ஹம்தியே பயந்துபோய், அன்றைக்குப் போட்டது இவைதான் என்று உடைந்த குப்பிகளில் மூன்றைப் பொறுக்கிக் கொடுத்தான். செய்தித்தாளில் சுற்றி மறுபடி அறுபது கிலோமீட்டர் ஓட்டிப்போய் மிஸ்ஸின் மேஜைமேல் வைத்தார். அவர் ஏறிட்டுப் பார்க்காமல் வாங்கி, ஒவ்வொன்றிலும் எழுதியிருந்ததை நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு நவ்வாராவுக்கு மருந்து ஏற்றவில்லை. அவளுடைய இடம் இருக்குமா போகுமா என்று டாக்டர்கள் கூடிப் பேசுவார்கள் என்றார்கள். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் மெத்வல்லி ஆறாவது பிள்ளையின் தகப்பனை அதே நடைபாதையில் பார்த்தார். ரோசெட்டா ஊர்க்காரர், மீன்பிடிப் படகில் வேலை. அந்த மனிதர் சலாம் சொல்வார், இவர் பதில் சலாம் சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார். பன்னிரண்டாம் நாள் பெரிய டாக்டர் ஒரு வரியில், தொடரலாம் என்றார். மெத்வல்லி டாக்டரின் கையை முத்தமிடப் போனார். போட்டுக்கொடுத்தவள் நர்ஸ், காப்பாற்றினவர் டாக்டர் என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டதுதான்.

அதற்கப்புறம் அவர் வார்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ரதீபா பிள்ளையோடு உள்ளே போவாள். இவர் வெளியே வண்டியில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பார். நாற்பத்தெட்டுத் தடவை மருந்து ஏறி முடிந்தது. நுரையீரல் சுத்தமாக இருந்தது. நவ்வாரா இன்றைக்குக் காமர்ஸ் படிக்கிறாள்; மழைக்காலத்தில் கொஞ்சம் சாய்ந்து நடப்பாள். பட்டம் மட்டும் தகப்பனை விட்டுப் போகவில்லை.

பட்டம் கிடைத்து நான்கு வருஷம் கழித்து ஒரு காலையில், அபூ ஹொம்மோஸ் நிறுத்தத்தில் ஓர் அம்மாள் முன்கதவைத் திறந்து ஓட்டுநர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முக்காட்டைச் சரிசெய்தபடி, "கிளப்புங்க டாக்டர்," என்றார்.

மிஸ் இன்ஷிராஹ். அவர் வீடு அபூ ஹொம்மோஸில்தான் இருந்தது. இத்தனை நாள் ரயிலில் போய்வந்தவர், ரயிலடிப் படிக்கட்டு முட்டிக்கு ஆகவில்லை என்று ரோட்டுக்கு வந்துவிட்டார். இறங்கச் சொல்லலாம். பின்னால் பத்துப் பேர் நேரமாகுது நேரமாகுது என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மெத்வல்லி கிளப்பினார்.

அப்படியே நாலரை வருஷம். வாரத்தில் ஐந்து நாள். முன் சீட்டு மிஸ்ஸுக்கு என்று ஆகிவிட்டது. வேறு யாராவது ஏறினால் மெத்வல்லியே, "பின்னால போ, அங்க ஆள் வருது," என்பார். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று அவர் யோசித்ததில்லை. பேச்சு பெரும்பாலும் மிஸ்ஸுடையதுதான். இவர் உம் கொட்டுவார், அதுவும் கியர் மாற்றும்போது மட்டும்.

கஃபர் தவ்வாரில் நூல் ஆலைத் தொழிலாளியின் மகள் அவர். அப்பா புருவத்தில் பஞ்சோடு வீட்டுக்கு வருவாராம். ஆறு பெண்கள். பதினைந்து வயதில் நர்ஸ் பள்ளியில் சேர்ந்தது சேவை செய்ய அல்ல. "அங்க தனிக் கட்டில் குடுத்தாங்க டாக்டர். வீட்டுல நாலு பேர் ஒரு கட்டில்ல படுப்போம், நான் கால்மாட்டுல. தனிக் கட்டிலுக்காக எந்த வேலைக்கும் போயிருப்பேன், பட்டாளத்துக்குக்கூட." முதல் வருஷமே பிள்ளைகள் வார்டில் போட்டார்கள். அந்தக் காலத்தில் எலும்பில் புற்று வந்த பிள்ளைக்குக் காலை எடுப்பார்கள். பிழைத்துக்கொண்டான் என்று தாயிடம் சொல்லி அனுப்புவார்கள். சிலர் அடுத்த வருஷமே இருமிக்கொண்டு திரும்பி வருவார்கள். "அன்னைக்கு அனுப்பறப்ப நல்லதே நடக்கும்னு நானும் சொன்னவதான். திரும்பி வந்த தாய்மார் என் மூஞ்சியைப் பார்ப்பாங்க பாரு. அதோட அந்த வார்த்தையை விட்டேன்."

புருஷன் சப்ரி ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவர். பேச்சுக் குறைவு. "அவர் கேட்டை மூடுவார், நான் வாயை மூட மாட்டேன். சரியாத்தான் இருந்துச்சு." அவர் இறந்து ஏழு வருஷம். மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். வந்துவிடு அம்மா என்பானாம். அங்க யாரை நான் திட்டுறது என்பாராம் இவர்.

மடியில் எப்போதும் ஊறவைத்த துர்முஸ் பயறு ஒரு பொட்டலம் இருக்கும். தானும் தின்று, ஓட்டுநரின் கையிலும் வைப்பார். பின் சீட்டில் யாராவது வாய் மூடாமல் இருமினால் திரும்பி ஒரு பார்வை. அந்த ஆள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவான். ஒருநாள் தமன்ஹூர்வரை வந்து, ஹம்தியின் கடை எது என்று கேட்டு இறங்கி, இருபது நிமிஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை. ஹம்தி அதற்கப்புறம் எந்தப் பிள்ளைக்கும் சளி ஊசி போடுவதில்லை. பெரியவர்களுக்குப் போடுகிறான். மெத்வல்லிக்கும் போடுகிறான்.

இத்தனை பேச்சிலும் அந்த நாளைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை. மெத்வல்லிக்குள் இரண்டு கேள்வி இருந்தது. எனக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தீர்கள் என்பது ஒன்று. அதற்கு அடியில் இன்னொன்று. அந்த ஊசி நவ்வாராவுக்கு உள்ளே ஏதாவது செய்துவிட்டதா. ஒவ்வொரு வருஷமும் நுரையீரல் படம் எடுக்கப் போகிற வாரம் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பட்டத்தைச் சொல்லி யாராவது கூப்பிடும்போதெல்லாம் இரண்டாவது கேள்விதான் குத்தும். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம்.

அறுபது வயதாகி மிஸ் வேலையை விட்டார். முன் சீட்டில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஒன்பது மாதம் ஆளைக் காணோம்.

போன குளிர்காலத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், அபூ ஹொம்மோஸில் மிஸ் குடை இல்லாமல் நின்றிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். முன் சீட்டில் இருந்த காலேஜ் பையனை மெத்வல்லி ஒன்றும் சொல்லாமல் தோளைத் தட்டிப் பின்னால் அனுப்பினார். மிஸ் ஏறுவதற்குக் கை கொடுக்க வேண்டியிருந்தது.

"எங்க மிஸ்?"

"நம்ம கடைக்குத்தான். இந்தத் தடவை வாடிக்கையாளரா." வயிற்றைத் தொட்டுக்காட்டினார். "கட்டி. ஈரலுக்கும் போயிடுச்சு."

மெத்வல்லி கண்ணாடியைத் துடைத்தார். "அந்த நடுக்க மருந்து மாதிரி ஏதாவது..."

"அது என் சாதி நோய்க்கு இல்ல. அதோட என் காவக்காரங்க எல்லாம் என்னோடயே ரிட்டயர்டு ஆயிட்டாங்க. கதவை இடிச்சாலும் எழுந்திருக்க மாட்டாங்க."

கஃபர் தவ்வாருக்கு முன்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ரோட்டை அடைத்துப் போய்க்கொண்டிருந்தது. முந்த வழியில்லை. பின் சீட்டில் கூடைக்குள் வாத்து வைத்திருந்த அம்மாள், "டாக்டர், ஹாரனையாவது அடிங்க," என்றாள். மெத்வல்லி அடிக்கவில்லை. இதைவிட்டால் கேட்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"மிஸ், அந்த ஊசி."

"ம்."

"என் பொண்ணை அது ஏதாவது பண்ணிருச்சா?"

மிஸ் பயறு ஒன்றைத் தோலுரித்து வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"தெரியாது," என்றார். "மழுப்புறேன்னு நினைக்காத. எனக்கும் தெரியாது, பெரிய டாக்டருக்கும் தெரியாது. அன்னைக்கு அது கிருமியால வந்த காய்ச்சலா இருந்திருந்தா, ஊசி அதை மறைச்சுப் பிள்ளை செத்திருக்கும். முடி கொட்ட வச்ச மருந்தால ரத்தம் சரியா உறையாத நேரத்துல தசையில குத்துனான், அதுலயும் போயிருக்கும். ரெண்டும் நடக்கல. அந்தக் கார்ட்டிசோன்ல காவக்காரன் ஒரு ரெண்டு நாள் தூங்கியிருப்பான். அந்த ரெண்டு நாள்ல என்ன நடந்துச்சு, ஒண்ணும் நடக்கலையான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்த அஞ்சு பேர்ல ரெண்டு பேர் இன்னைக்கு இல்ல. அவங்க வீட்டுல சொன்னதை எல்லாம் சொன்னபடி செஞ்சாங்க. உன் பொண்ணு காலேஜ் போறா. இதுல எதை வச்சு உனக்கு நான் கணக்குச் சொல்ல?"

டிராக்டர் போய்க்கொண்டே இருந்தது.

"தெரியாததுக்கு எதுக்கு என்னை அத்தனை பேர் முன்னால வச்சுச் சிரிக்க வச்சீங்க? தனியாக் கூப்பிட்டுக் கன்னத்துல ரெண்டு போட்டிருக்கலாமே. வாங்கிட்டுப் போயிருப்பேன். ஒன்பது வருஷம் மிஸ். என் பேரு எனக்கே மறந்துபோச்சு."

"நான் வந்தப்ப நீ பெஞ்சுல என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"பேசிக்கிட்டிருந்தேன்."

"என்ன பேசிக்கிட்டிருந்த?"

மெத்வல்லிக்கு நினைவு வந்தது. நினைவு வராமல் இருந்தது என்று சொல்வது சரியில்லை; அந்த இடத்தை மட்டும் அவர் ஒன்பது வருஷமாகத் தாண்டித் தாண்டிப் போயிருந்தார். அன்றைக்கு அவர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ஊசியில் காய்ச்சல் இறங்கின கதையை, ஃபதீர் ரொட்டி தின்ற கதையை, சுற்றி இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கஃபர் ஸய்யாத்திலிருந்து வந்த ஒருத்தர் கடை எங்கே என்று கேட்டார். சிகரெட் பெட்டியின் மூடியைக் கிழித்து, தெரிந்த எழுத்தில், ஹம்தி என்று எழுதிக் கொடுத்ததும் இவர்தான்.

"எழுதிக் குடுத்தேன்," என்றார்.

"ஆறு பேர் உன்னைச் சுத்தி இருந்தாங்க. ஆறு பேர் வீட்டுலயும் காய்ச்சல்ல பிள்ளை. நான் அங்க நின்னு கார்ட்டிசோன் கூடாதுன்னு பாடம் நடத்தினா தலையைத் தலையை ஆட்டிட்டு, வெளியில போய் உன்கிட்ட வழி கேட்பாங்க. ஃபோனை எடுக்காத நர்ஸ் பேச்சை எவன் கேட்பான். பார்த்துச் சிரிச்ச ஆள்கிட்ட எவனும் வைத்தியம் கேட்க மாட்டான்யா. அதனால சிரிக்க வச்சேன். அந்தச் சிகரெட் மூடியை அந்த ஆள் அங்கேயே கசக்கிப் போட்டார். நான்தான் பெருக்கினேன்."

மெத்வல்லி கியரை மாற்றினார்.

"டாக்டர்கள் கூடிப் பேசினப்ப உன்னைப் பத்தி நான் சொன்னது ஒண்ணுதான். வேற எவனா இருந்தாலும் விட்டமின்னு சொல்லியிருப்பான், இவன் குப்பையைக் கிளறி மூணு குப்பியையும் கொண்டாந்து வச்சான். என்ன ஏறிச்சுன்னு தெரிஞ்சதாலதான் அவங்களால எத்தனை நாள் தள்ளணும்னு முடிவு பண்ண முடிஞ்சுது. இதுல புகழ்ச்சி ஒண்ணும் இல்ல. நடந்தது."

கஃபர் தவ்வார் பாலத்தில் டிராக்டர் திரும்பியது. வண்டி வேகம் பிடித்தது. வாத்துக்காரம்மாள், "ஆண்டவனுக்கு நன்றி," என்றாள், டிராக்டர் போனதற்கு.

ஆஸ்பத்திரி வாசலில் மெத்வல்லி வண்டியை நிறுத்தினார். வழக்கமாக முனையில்தான் நிறுத்துவார். அன்றைக்கு உள்ளே வரைக்கும் கொண்டுபோனார். பின்னால் யாரும் முணுமுணுக்கவில்லை. மிஸ் பையிலிருந்து ஒரு மருந்துப் பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சு, பஞ்சுமேல் கழுத்து உடைந்த மூன்று குப்பிகள்.

"மேஜையைக் காலி பண்றப்ப எடுத்தது. பிடி."

"இதை வச்சு நான் என்ன பண்றது?"

"இப்ப வேற வைத்தியம் வந்திருக்கு. பிள்ளையோட ரத்தத்துலேர்ந்தே காவக்காரங்களை எடுத்து, வெளியில வச்சு, யாரைப் பிடிக்கணும்னு அடையாளம் காட்டிக் குடுத்து, திரும்ப உள்ள விடுறாங்க. சதையில புற்று வர்ற பிள்ளைங்களுக்கு. மூணு பேர் சேர்ந்திருக்காங்க. எடுபடுமான்னு இன்னும் தெரியல."

"அதுக்கும் காய்ச்சல் வருமா?"

"நம்மளோடதைவிட மோசமா வரும். அதுல சில நேரம் டாக்டர்களே கார்ட்டிசோன் குடுப்பாங்க. எப்ப, எவ்வளவுன்னு அவங்க பார்த்துக் குடுக்கணும். ஹம்தி பார்க்கக் கூடாது. என் இடத்துல பஸந்த்னு ஒரு பொண்ணு வந்திருக்கு. நல்ல பொண்ணு, கை சுத்தம். ஆனா யாரையும் திட்டத் தெரியல. எல்லார்கிட்டயும் தயவுசெஞ்சுன்னு பேசுது."

கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார். மெத்வல்லி சுற்றிவந்து கையைப் பிடித்தார். அந்தக் கையில் எடையே இல்லை. அதற்கப்புறம் அவரை மெத்வல்லி பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் அபூ ஹொம்மோஸில் மிஸ்ஸுக்குப் போட்ட இரங்கல் பந்தலில், சாவு வீட்டு வழக்கப்படி சர்க்கரை போடாத காபியைத்தான் குடித்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் புதுப் பிள்ளைங்களோட அப்பாமார் வருவாங்க," என்றார் மிஸ் அன்றைக்கு, அவர் கையைப் பிடித்து இறங்கியபடி. "அதே பெஞ்சு. போய் உட்காரு. குப்பியைக் கையில வச்சுக்க. ஹம்தியிலேர்ந்து சிகரெட் மூடி வரைக்கும் சொல்லு, ஒண்ணையும் விடாத. நீ யாருன்னு கேட்டா மெத்வல்லின்னு சொல்லிடாத. டாக்டர்னு சொல்லு. அவங்க சிரிச்சு முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திரு. அப்புறம் ஆரம்பி."